செக்கு வாங்கும் முன் ஊராட்சி அலுவலகம் போங்கள்!
சிறுதொழில் தொடங்கும் விவசாயிகளுக்கு உரிம வழிகாட்டி

விளைந்ததை மூட்டையாக விற்றால் ஒரு விலை, எண்ணெயாக ஆட்டி விற்றால் வேறு விலை. இந்தக் கணக்கு இன்று எல்லா விவசாயிக்கும் தெரியும். நிலக்கடலை, எள், தேங்காய் போடும் ஊர்களில் மரச்செக்கு போடும் ஆசை பரவலாக இருக்கிறது. 100 கிலோ கடலைப் பருப்பை ஆட்டினால் ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய் வரும். மீதி புண்ணாக்கு வீட்டு மாட்டுக்கும் ஆகும், விலைக்கும் போகும். சொந்தச் சரக்கு, வீட்டு ஆள் உழைப்பு, உள்ளூர் வாடிக்கையாளர் என்று கணக்குப் போட்டால் லாபம் தெரிகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு. அதுதான் உரிமம். நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ இயந்திரத்தை இறக்கிவிடுகிறார்கள். அதன் பிறகுதான், "ஊருக்குள்ளதானே சார் போடறேன், இதுக்கெல்லாமா லைசென்ஸ்?" என்ற கேள்வி வருகிறது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று மனு கொடுத்திருப்பார். மின்வாரியம் இணைப்பு தர ஊராட்சி அனுமதியைக் கேட்டிருக்கும். செக்கு சும்மா நிற்கும், கடன் தவணை மட்டும் மாதாமாதம் ஓடும்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் சட்டம் கடுமையாக இருப்பது அல்ல. வேலைகளின் வரிசை மாறிப்போவதுதான். உள்ளாட்சி அனுமதி என்பது ஆளுக்குக் கொடுப்பதல்ல, இடத்துக்கும் அந்த இடத்தில் வைக்கும் இயந்திரத்துக்கும் கொடுப்பது. ஆகவே முதலில் இடம், அடுத்து ஊராட்சி அனுமதி, பிறகு மின் இணைப்பு, அதன் பிறகே இயந்திரம். இந்த வரிசையில் போனால் செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.

எங்கே விவசாயம் முடிகிறது, எங்கே தொழில் தொடங்குகிறது?

தன் வயலில் விளைந்த கடலையைக் காய வைத்து மூட்டை பிடித்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ வியாபாரியிடமோ விற்கும் விவசாயிக்கு எந்தத் தொழில் உரிமமும் தேவையில்லை. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டமும் விவசாயியையும், பண்ணை அளவில் அவர் விளைவிக்கும் பொருளையும் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது.

கடலை எண்ணெயாக மாறும் இடத்தில்தான் கோடு இருக்கிறது. அதே கடலையை ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்றால் அது உணவுத் தொழில். அரிசியை மாவாக்கினாலும், மிளகாயைத் தூளாக்கினாலும், பாலைத் தயிராக்கி விற்றாலும் இதே கதைதான். மோட்டார் வைத்து ஓட்டினால் உள்ளாட்சியின் அனுமதியும் சேர்ந்துகொள்கிறது.

கிராம ஊராட்சிப் பகுதிகளுக்கு 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். மின்சாரத்தாலோ வேறு இயந்திர ஆற்றலாலோ இயங்கும் ஆலை, பட்டறை அமைக்கவும், அத்தகைய இயந்திரங்களை நிறுவவும் ஊராட்சியின் முன் அனுமதி வேண்டும் என்று அதன் 160-வது பிரிவு சொல்கிறது. 'முன் அனுமதி' என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். நிறுவிவிட்டுக் கேட்பது அனுமதி அல்ல, மன்னிப்பு. உயிருக்கோ உடல்நலத்துக்கோ தொல்லை தரக்கூடியவை என்று அரசு அறிவித்த தொழில்களுக்கான உரிமம் பற்றி 159-வது பிரிவு பேசுகிறது.

2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் உள்ள வணிகங்களுக்கு உரிமம் பெறுவது பற்றிப் புதிய விதிகள் வெளியாயின. வணிகர்கள் எதிர்த்ததால், அவை நிறுத்தி வைக்கப்படுவதாக அரசு அறிவித்தது. இந்தச் செய்தியை வைத்து, 'கிராமத்தில் இனி எதற்கும் அனுமதி வேண்டாம்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெட்டிக்கடை வைப்பது வேறு, மோட்டார் இயந்திரம் நிறுவுவது வேறு. தன் தொழிலுக்கு இன்றைய நிலையில் என்ன தேவை என்பதை ஊராட்சி அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதி என்றால் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன்கீழ் 2023-ல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொருந்தும். அங்கே பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும், நகராட்சி, மாநகராட்சியில் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். நகரத்தை ஒட்டிய ஊராட்சிகள் சில, நகராட்சியோடும் மாநகராட்சியோடும் இணைக்கப்பட்டு வருகின்றன. ஆகவே தன் சர்வே எண் இன்று எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை: இடத்தைச் சோதியுங்கள்

சுற்றிலும் வீடுகள் நெருக்கமாக இருந்தாலோ, குடியிருப்போருக்குத் தொல்லை ஆகும் என்று தோன்றினாலோ அனுமதியை மறுக்க ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. இதனால், எந்த இடத்தில் போடுகிறோம் என்பதே பாதி முடிவு.

மரச்செக்கு என்றாலும் மோட்டார், கியர்பாக்ஸ், உலக்கை உரசும் சத்தம் உண்டு. கடலை உடைக்கும் இயந்திரமும் சேர்ந்தால் தூசியும் தொலியும் பறக்கும். இருப்பு வைத்த புண்ணாக்குக்கு எலி வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். எனவே இடத்தை முடிவு செய்யும் முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

* அடுத்த வீட்டுச் சுவருக்கும் செக்கு நிற்கப்போகும் இடத்துக்கும் எத்தனை அடி இருக்கிறது? பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கிறதா?
* காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? தொலியும் தூசியும் யார் வீட்டு வாசலில் போய் விழும்?
* கழுவும் தண்ணீர் எங்கே போகும்? தெருவில் விடுவதென்றால் பிரச்னை வருவது உறுதி.
* வண்டி வந்து போகப் பொதுப் பாதை உண்டா, இல்லை பங்காளியின் வரப்புதான் வழியா?
* பட்டா யார் பெயரில் இருக்கிறது?

கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும், அல்லது அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். அப்பா பெயரில் இருந்தால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கினால் போதும். கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பங்குதாரர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தையும் வாங்கி வைக்க வேண்டும். வாய்மொழியாகச் "சரிப்பா, போட்டுக்கோ" என்று சொன்னவர், தொழில் நன்றாக ஓட ஆரம்பித்ததும் மனம் மாறலாம். வாடகை இடம் என்றால், அந்த இடத்தில் என்ன தொழில் நடக்கும் என்பதைக் குறிப்பிட்டு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

வயலில் கொட்டகை போட்டுச் செக்கு வைப்பதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. விவசாய நிலத்தில் தொழிலுக்காகக் கட்டடம் எழுப்ப, நிலப் பயன்பாட்டு மாற்றமும் கட்டட அனுமதியும் தேவைப்படலாம். இதை ஊராட்சியில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும்.

இரண்டாவது வேலை: ஊராட்சியில் விண்ணப்பம்

கிராம ஊராட்சியில் தலைவரே செயல் அதிகாரி. பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத ஊராட்சிகளில் தனி அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். விண்ணப்பத்தை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தாலும், பெறுநராகத் தலைவரையோ தனி அலுவலரையோ குறிப்பிட வேண்டும்.

இயந்திர விவரம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாதே என்று சிலர் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை. இயந்திரம் விற்பவரிடம் விலைப்புள்ளி மட்டும் வாங்குங்கள். அதில் இயந்திரத்தின் பெயர், எத்தனை கிலோ கொள்ளளவு, மோட்டார் எத்தனை எச்.பி. என்ற விவரங்கள் இருக்கும். ஊராட்சிக்கும் வங்கிக்கும் அந்தத் தாளே போதும்.

விண்ணப்பத்தோடு பெரும்பாலும் கேட்கப்படும் தாள்கள் இவை:

* ஆதார் அட்டை நகல், புகைப்படம்
* பட்டா, சிட்டா நகல் அல்லது வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும்
* நடப்பு ஆண்டு வரையிலான வீட்டு வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகள்
* இடத்தின் வரைபடம். நான்கு பக்கமும் என்ன இருக்கிறது, செக்கு எங்கே நிற்கும் என்பதைக் காட்டினால் போதும்
* இயந்திரத்தின் விலைப்புள்ளி
* கட்டடம் இருந்தால் கட்டட அனுமதி நகல்

ஊராட்சிக்கு ஊராட்சி கூடுதலாக ஒன்றிரண்டு கேட்கலாம். முதல் தடவை போகும்போதே "என்னென்ன வேணும்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்று பட்டியல் வாங்கிக்கொண்டால் நாலு நடை மிச்சம்.

விண்ணப்பத்தை வெள்ளைத்தாளில் இப்படி எழுதலாம்:

அனுப்புநர்: பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, கைபேசி எண்.
பெறுநர்: தலைவர் / தனி அலுவலர், ........ கிராம ஊராட்சி, ........ ஊராட்சி ஒன்றியம்.
பொருள்: மரச்செக்கு எண்ணெய்த் தொழில் நடத்த இயந்திரம் நிறுவ அனுமதி கோருதல் தொடர்பாக.
ஐயா / அம்மா,
மேற்கண்ட முகவரியில் வசிக்கும் நான், ........ கிராமம், சர்வே எண் ........-ல் உள்ள ........ சதுர அடி கட்டடத்தில், ........ எச்.பி. மோட்டார் கொண்ட மரச்செக்கு ........ எண்ணிக்கையில் நிறுவி எண்ணெய் ஆட்ட உத்தேசித்துள்ளேன். காலை ........ மணி முதல் மாலை ........ மணி வரை மட்டுமே இயந்திரம் இயங்கும். கழிவுநீர் ........ வழியாகவும், தொலி ........ வகையிலும் அகற்றப்படும். அருகில் உள்ள குடியிருப்பு ........ அடி தொலைவில் உள்ளது. தேவையான ஆவணங்களை இணைத்துள்ளேன். இடத்தைப் பார்வையிட்டு அனுமதி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.
இடம், தேதி, கையொப்பம். இணைப்புப் பட்டியல்.

வேலை நேரம், கழிவு, வீடுகளின் தூரம் ஆகிய மூன்றையும் நாமே எழுதிவிடுவதில் நன்மை உண்டு. பார்வையிட வருபவர் கேட்கப்போவதும், பக்கத்து வீட்டார் ஆட்சேபிக்கப்போவதும் இவற்றைத்தான். பதில் முன்பே தாளில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

விண்ணப்பத்தின் இரண்டாவது நகலில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 'போன மாசமே கொடுத்தேன்' என்ற வாய்ச்சொல்லுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை, ஒப்புகைக்கு உண்டு.

கட்டணத்துக்கு ரசீது கட்டாயம். ஊராட்சிக் கட்டணங்களை இணையவழியில் செலுத்தும் வசதி வந்துவிட்டது. ரசீது இல்லாத பணம் எதற்கும் கட்டணம் என்று பெயர் இல்லை. யாராவது தனியாகப் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் செய்யலாம்.

பக்கத்து வீட்டாரிடம் முன்பே பேசுங்கள்

சட்டத்தில் இல்லாத, ஆனால் சட்டத்தைவிட முக்கியமான வேலை இது. மனு கொடுக்கும் முன் நான்கு பக்கத்து வீடுகளுக்கும் போய், என்ன வைக்கப்போகிறீர்கள், எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஓட்ட மாட்டேன் அண்ணே, பிள்ளைங்க படிக்கிற நேரம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி ஆட்சேபணை அங்கேயே கரைந்துவிடும். இயந்திரத்தின் அடியில் கனமான கான்கிரீட் மேடையும் ரப்பர் மெத்தையும் போட்டால் அதிர்வு குறையும். தொலியைச் சாக்கில் பிடித்து எருக்குழிக்குக் கொண்டுபோனால் தூசிப் புகாருக்கு இடமிருக்காது.

அனுமதி கையில் இருப்பதன் அருமை பிறகுதான் தெரியும். ஊரில் ஒருவர் பகையால் மனு போட்டாலும், 'இந்த இடத்தில், இத்தனை எச்.பி.க்கு, இந்த நிபந்தனைகளுடன்' என்று அனுமதித்த ஆணை இருந்தால் தொழிலை எளிதில் நிறுத்த முடியாது. அந்த நிபந்தனைகளை நாமும் மீறாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது வேலை: மின் இணைப்பு

கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் வருகிறது, அதிலேயே செக்கையும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து. விவசாய இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான். வேறு பயன்பாட்டுக்குத் திருப்பினால், 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, பொருந்தும் கட்டணத்தைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாம். எப்போதிலிருந்து திருப்பினார்கள் என்று கண்டறிய முடியாவிட்டால் 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். கடலையில் வந்த லாபம் முழுவதும் அந்த ஒரு பில்லில் போய்விடும். வீட்டு இணைப்பில் ஓட்டினாலும் இதே சட்டம்தான்.

குடிசை மற்றும் குறுந்தொழில், பிற தொழில், வணிகம் என்று மின் கட்டணப் பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றன. பிரிவு மாறினால் மாதச் செலவும் மாறும். மோட்டார் திறனைச் சொல்லி, தன் தொழிலுக்கு எந்தப் பிரிவு பொருந்தும், அதற்கு என்ன சான்று வேண்டும் என்று பிரிவு அலுவலகத்தில் உதவி மின் பொறியாளரிடம் கேட்ட பிறகு விண்ணப்பியுங்கள். இதற்கு 'உத்யம்' பதிவு உதவலாம். ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் செய்யும் இந்தப் பதிவு முற்றிலும் இலவசம், 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் உத்யம் ஒரு பதிவு மட்டுமே, தொழில் நடத்தும் உரிமம் அல்ல. 'உத்யம் இருக்கே, வேற எதுக்கு?' என்று இருந்துவிடக் கூடாது.

இதே கட்டத்தில் மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு நடை போய் வருவது நல்லது. சிறுதொழில்களுக்குப் பல துறை அனுமதிகளையும் ஒற்றைச் சாளர முறையில், குறித்த காலத்துக்குள் பெற்றுத் தர 2018-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் எளிதாக்கல் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட அளவில் அதற்கான இடம் இந்த மையம்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்திருக்கிறது. வெள்ளைப் பிரிவுக்கு வாரிய ஒப்புதல் தேவையில்லை. தன் தொழில் எந்த நிறத்தில் வருகிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

நான்காவது வேலை: உணவுப் பாதுகாப்புப் பதிவு

ஊராட்சி அனுமதி இடத்துக்கும் இயந்திரத்துக்கும். எண்ணெயை மக்கள் சாப்பிடுவதற்கு விற்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ தனியாக வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது.

2011-ம் ஆண்டு விதிமுறைகள் முதலில் வகுத்த வரம்பின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளருக்குப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். உற்பத்தி அளவைப் பொறுத்து அதன் கட்டணம் ஆண்டுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை என்று அந்த விதிமுறைகளில் உள்ளது. வரம்பும் கட்டணமும் திருத்தப்படுவது உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

12 லட்சம் என்பது எவ்வளவு? லிட்டர் 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 4,800 லிட்டர். அதாவது மாதம் 400 லிட்டர், தினம் 13 லிட்டருக்கு மேல். ஒரு செக்கு வைத்து ஊருக்கும் உறவுக்கும் விற்பவர் பதிவில் தொடங்கலாம். புண்ணாக்கு விற்ற பணத்தையும் கணக்கில் எழுதி வைத்து, வரம்பை நெருங்கும்போது உரிமத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் 'ஃபாஸ்காஸ்' என்ற அரசு இணையதளத்தில். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று இருந்தால் பதிவுக்குப் பெரும்பாலும் போதும். விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தரவோ, காரணம் சொல்லி மறுக்கவோ, ஆய்வுக்கு உத்தரவிடவோ வேண்டும் என்பது விதி. கிடைக்கும் எண் 14 இலக்கம் கொண்டது. அதை பாட்டில் லேபிளில் அச்சிட வேண்டும். இந்த 100 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் தரகர்களும், அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்களும் உண்டு. கட்டணம் செலுத்தும் முன் முகவரியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள்.

சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உண்டு. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரி, நிகர அளவு, தொகுதி எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், அதிகபட்ச சில்லறை விலை, பதிவு எண், சைவக் குறி ஆகியவை இடம்பெற வேண்டும். 'சர்க்கரை நோய் தீரும்', 'மாரடைப்பு வராது' என்றெல்லாம் அச்சடிக்கக் கூடாது.

அடைத்து விற்பவர், தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட்டுக்கொள்வதும் அவர்களிடம்தான்.

இப்போது இயந்திரம், இப்போது கடன்

இத்தனையும் சரியாக வரும் என்று தெரிந்த பிறகு முன்பணம் கட்டுங்கள். கடனுக்கும் இந்தத் தாள்கள் உதவும். பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் முறைப்படுத்தும் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டது. இதில் திட்டச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியமாகக் கிடைக்க வழி உண்டு. பயனாளியின் பங்கு குறைந்தது 10 சதவிகிதம். மானியம் கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் இருந்து, 3 ஆண்டுகள் தொழிலும் கடனும் ஒழுங்காக நடந்தால் கடனில் வரவு வைக்கப்படும். விண்ணப்பம் தயாரிக்க உதவும் மாவட்ட வள நபர்களுக்குத் திட்டமே ஊதியம் தருகிறது. எனவே அவர்களுக்கு விவசாயி பணம் கொடுக்க வேண்டியதில்லை. திட்டம் இப்போது விண்ணப்பம் ஏற்கிறதா என்பதை மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் வரும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே இயந்திரம் வாங்கிவிட்டால், பழைய செலவுக்கு மானியம் கேட்பது கடினம். இங்கேயும் வரிசைதான் முக்கியம்.

விண்ணப்பம் நின்றுபோனால்?

'பார்க்கலாம்', 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுத்தால் கோபப்பட்டுப் பயனில்லை. ஒப்புகை நகலுடன் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (கிராம ஊராட்சிகள்) எழுத்தில் முறையிடுங்கள். விண்ணப்பத்தின் நிலை என்ன, எந்தத் தேதியில் யாரிடம் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளிலும், மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். முதலமைச்சர் உதவி மையத்தின் எண் 1100.

மறுப்பு என்றால் அதைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். 'வீடுகள் நெருக்கம்' என்பது காரணமானால், வயல் பக்கம் வேறு இடம் பார்த்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம். காரணம் சரியில்லை என்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் இல்லாத மறுப்பின் மேல் முறையீடு செய்ய வழியில்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: சந்தையில் விற்பதில்லை, ஊர்க்காரர்கள் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கிறேன். எனக்கும் பதிவு வேண்டுமா?
பதில்: வேண்டும். உணவைப் பதப்படுத்தும் எந்த வேலையும், லாபத்துக்கானாலும் இல்லாவிட்டாலும், உணவுத் தொழில்தான். இயந்திரத்துக்கு ஊராட்சி அனுமதியும் தேவை.

கேள்வி: ஊராட்சிக்குத் தொழில் வரி கட்டுகிறேன். அதுவே உரிமம் இல்லையா?
பதில்: இல்லை. தொழில் வரி என்பது வருமானத்தை ஒட்டிய வரி. உரிமம் என்பது அந்த இடத்தில் அந்தத் தொழிலை நடத்த அனுமதி. ரசீதில் எதற்காகக் கட்டினீர்கள் என்று எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. பதிவும் செய்ய வேண்டுமா?
பதில்: உள்மாநிலத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகக் கட்டாயம். வெளிமாநில விற்பனை, இணையவழி விற்பனை என்றால் விதி மாறலாம். தொடங்கும் முன் வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகச் செக்கு ஓட்டுகிறேன், எந்த அனுமதியும் வாங்கவில்லை. இப்போது போனால் மூடிவிடுவார்களா?
பதில்: புகார் வந்து அதிகாரி தேடி வருவதைவிட, தானாகப் போய் விண்ணப்பிப்பது எப்போதும் நல்லது. உணவுப் பாதுகாப்புப் பதிவை இன்றே இணையத்தில் செய்யுங்கள். மின் இணைப்பு தவறான பிரிவில் இருந்தால் மாற்ற விண்ணப்பியுங்கள். சத்தம், தூசி, கழிவுநீர் மூன்றையும் சரி செய்துவிட்டு ஊராட்சியில் மனு கொடுங்கள்.

கேள்வி: மகளிர் குழு சேர்ந்து செக்கு போடுகிறோம். யார் பெயரில் விண்ணப்பிப்பது?
பதில்: குழுவின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். குழுத் தீர்மானத்தின் நகலும், கையொப்பமிடும் உறுப்பினர் யார் என்ற விவரமும் இணையுங்கள். ஒருவர் பெயரில் வாங்கினால், அவர் விலகும்போது அனுமதியும் சிக்கலாகும்.

கேள்வி: ஒரு செக்குக்கு அனுமதி வாங்கினேன். இன்னொன்று சேர்க்கலாமா?
பதில்: அனுமதியில் எழுதியுள்ள இயந்திரத்துக்கும் எச்.பி.க்கும் மட்டுமே அது செல்லும். கூடுதல் இயந்திரத்துக்கு மறுபடி விண்ணப்பியுங்கள். மின் பளுவையும் உயர்த்த வேண்டும்.

எல்லா உரிமங்களும் ஒரே நாளில் முடிவதில்லை. ஊராட்சி அனுமதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தராசு முத்திரை மூன்றின் முடிவுத் தேதியையும் செக்கு அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். அசல் தாள்களை ஒரே கோப்பில் வீட்டில் வைத்து, நகல்களைத் தொழில் நடக்கும் இடத்தில் வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.